வேலைக்குப் போகும் சைக்கிளுக்கு இரும்பு ஃப்ரேம் போதும்

சைக்கிள் கடைக்காரர் அலுமினிய ஃப்ரேம் சைக்கிளை ஒரு கையால் தூக்கிக் காட்டுவார். பிறகு பக்கத்தில் நிற்கும் இரும்புச் சைக்கிளை நம்மைத் தூக்கிப் பார்க்கச் சொல்வார். வித்தியாசம் கைக்கு உடனே தெரிந்துவிடும். வியாபாரம் பாதி முடிந்த மாதிரிதான். ஆனால் தினமும் வேலைக்குப் போய்வரும் சைக்கிளை நாம் எத்தனை தடவை தூக்கப்போகிறோம்? மிதிப்போம், மழையில் நனையவிடுவோம், கேரியரில் சாப்பாட்டுப் பையைக் கட்டுவோம், ரயில் நிலைய சைக்கிள் ஸ்டாண்டில் நெருக்கியடித்துச் செருகிவிட்டு வண்டியைப் பிடிக்க ஓடுவோம். சில வருடம் இப்படி உழைத்தபின் ஏதாவது ஒன்று வளையும், துருவேறும், விரிசல் விடும். அன்றைக்குத் தெருமுனைக் கடையில் அதைச் சரிசெய்ய முடியுமா என்பதுதான் ஃப்ரேமைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் யோசிக்க வேண்டியது. அப்படி யோசித்தால் பெரும்பாலானவர்களுக்கு விடை எஃகு என்றுதான் வரும். யாருக்கு வராது என்பதையும் பின்னால் சொல்கிறேன்.

சந்தையில் நான்கு வகை ஃப்ரேம்கள் உண்டு: எஃகு, அலுமினியம், கார்பன் ஃபைபர், டைட்டானியம். இவற்றில் இரண்டை இப்போதே ஒதுக்கிவிடலாம். டைட்டானியம் துருப்பிடிக்காது, பெயின்ட்கூட வேண்டாம், தலைமுறை கடந்து நிற்கும். ஆனால் ஃப்ரேம் மட்டுமே லட்சத்தைத் தாண்டும். கார்பன் ஃபைபர், எந்தத் திசையில் பாரம் வரும் என்று கணக்குப் போட்டார்களோ அந்தத் திசையில் அசுர பலம் கொண்டது. பக்கவாட்டில் விழும் குத்துக்கும், கிளாம்பு போட்டு இறுக்கும் நெருக்கலுக்கும் அது செய்யப்படவில்லை. சைக்கிள் ஸ்டாண்டில் ஒரு சைக்கிள் சாய்ந்தால் வரிசையே சாயும். அந்த வரிசையில் கார்பனுக்கு வேலையில்லை. ஆபீஸுக்குள்ளேயே, தன் மேசைக்குப் பக்கத்தில் சைக்கிளை நிறுத்த அனுமதி உள்ளவர் வேண்டுமானால் வாங்கிக்கொள்ளட்டும்.

மிச்சம் இருப்பது எஃகும் அலுமினியமும். இந்த இரண்டுக்கும் நடுவே இயற்கை ஒரு வேடிக்கை செய்து வைத்திருக்கிறது. அலுமினியத்தின் அடர்த்தி எஃகில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. வளையாமல் எதிர்த்து நிற்கும் விறைப்பும் அதே மூன்றில் ஒரு பங்குதான். டைட்டானியத்துக்கு இரண்டுமே பாதியை ஒட்டி வரும். ஆக, ஒரு கிலோவுக்கு எவ்வளவு விறைப்பு என்று கேட்டால் மூன்று உலோகங்களும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் நிற்கின்றன. பிறகு அலுமினியச் சைக்கிள் எப்படி எடை குறைகிறது? குழாயின் பருமனால். சுவரின் தடிமனை மாற்றாமல் குழாயின் விட்டத்தை இரண்டு மடங்காக்கினால் விறைப்பு எட்டு மடங்காகும். அலுமினியம் லேசானது என்பதால் குழாயைப் பருமனாக்கியும் எடையைக் கட்டுக்குள் வைக்கலாம். அமெரிக்காவில் கேரி க்ளைன் 1970களிலும், கேனன்டேல் நிறுவனம் 1983 முதலும் விற்ற பருத்த குழாய்ச் சைக்கிள்கள்தான் இதை உலகத்துக்குக் காட்டின. இன்றைய அலாய் சைக்கிளின் குண்டுக் குழாய்க்குக் காரணம் இதுதான். அழகுக்கு என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.

எடைக் கணக்கையும் பார்த்துவிடலாம். சாதாரண எஃகு ஃப்ரேம் 3 கிலோவை ஒட்டி இருக்கும், நல்ல எஃகு என்றால் 2 முதல் 2.5 கிலோ. அலுமினியம் 2 கிலோவுக்குச் சற்றுக் கீழே. ஆக, ஃப்ரேமால் மட்டும் வரும் மிச்சம் ஒரு கிலோ சொச்சம். பழைய ராட் பிரேக் சைக்கிள் 20 கிலோவைத் தொடுவதற்கு ஃப்ரேம் மட்டும் காரணமில்லை. எஃகு ரிம், எஃகு மட்கார்டு, செயின் கவர், கேரியர், இரட்டைக்கால் ஸ்டாண்டு எல்லாம் சேர்ந்து ஏற்றுகிற எடை அது. ஆளும் பையும் சைக்கிளும் சேர்ந்து 85 கிலோ ஓடும்போது ஒரு கிலோ என்பது நூற்றில் ஒன்றுக்குச் சற்று மேல். ஊட்டி, கொடைக்கானல் ஏற்றத்தில் அது மூச்சில் தெரியலாம். சென்னை, மதுரை, தஞ்சாவூர்ச் சமவெளியில் டயரில் காற்று குறைந்திருந்தால் படும் பாடு அதைவிடப் பெரிது.

அலுமினியம் முதுகைக் குலுக்கும், எஃகு தாலாட்டும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. இரண்டு முக்கோணங்களாகக் கட்டிய ஃப்ரேம் மேல்கீழாக வரும் அதிர்ச்சிக்கு எந்த உலோகமானாலும் மிகச் சொற்பமாகத்தான் நெகிழும். குழியில் இறங்கும்போது நெகிழ்வது டயரும் சீட்டும். எனவே சொகுசு வேண்டுமென்றால் உலோகத்தைப் பார்க்காமல், 35 மில்லிமீட்டருக்குக் குறையாத டயர் உள்ளே நுழைய இடம் இருக்கிறதா, மட்கார்டு போட்டபின்னும் இடம் மிஞ்சுகிறதா என்று பாருங்கள். இந்த ஒரு விஷயத்தில் நம் ஊர் பால்காரர் சைக்கிள், பல ஆயிரம் ரூபாய் அதிகம் வாங்கும் புதுச் சைக்கிள்களைத் தோற்கடித்துவிடும்.

சொகுசும் எடையும் பெரிதில்லை என்றால் வேறு எது பெரிது? உலோகம் எப்படிச் சோர்ந்துபோகிறது, சோர்ந்தபின் என்ன செய்யலாம் என்பதுதான்.

ஒரு கம்பியை இப்படியும் அப்படியுமாகப் பலமுறை வளைத்தால் ஒடிந்துவிடும் அல்லவா, அதே காரியம் கண்ணுக்குத் தெரியாத அளவில் ஒவ்வொரு மிதியிலும் ஃப்ரேமில் நடக்கிறது. எஃகுக்கு இதில் ஓர் எல்லை உண்டு. பாரம் அந்த எல்லைக்குக் கீழே இருந்தால் எத்தனை லட்சம் தடவை மிதித்தாலும் சோர்வு சேராது. அலுமினியத்துக்கு அப்படித் தெளிவான எல்லை கிடையாது. சிறு பாரம்கூடக் கணக்கில் ஏறிக்கொண்டே இருக்கும். இதைக் கேட்டு அலுமினியச் சைக்கிள் வைத்திருப்பவர் பயப்பட வேண்டாம். செய்கிறவர்களுக்கு இது தெரியும். அதனால்தான் தேவைக்கு மேலே குழாயைத் தடிமனாக்கி, பல ஆண்டு தாங்குமாறு செய்கிறார்கள். உடையும் விதத்தில்தான் வேறுபாடு. எஃகில் விரிசல் பெரும்பாலும் மெதுவாக வளரும். மிதிக்கும்போது கிறீச் சத்தம் வரும், பெயின்ட் கோடுபோலப் பிளக்கும், அந்தக் கோட்டில் துரு எட்டிப் பார்க்கும். வாரம் ஒருமுறை துணியால் துடைக்கிறவர் கண்ணுக்கு அது தப்பாது. அலுமினியத்தில் துருவின் சிவப்பு இல்லை, விரிசலும் வேகமாக ஓடக்கூடியது.

இனிப் பட்டறைக்குப் போவோம். 1949-ல் முருகப்பா குடும்பம் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸோடு சேர்ந்து டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கியது, அம்பத்தூர் ஆலையிலிருந்து ஹெர்குலிஸும் பி.எஸ்.ஏ.வும் பிலிப்ஸும் ஊர் ஊராகப் போயின. 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தோடு சேர்ந்து புதுக்கோட்டைப் பெண்கள் ஆயிரக்கணக்கில் ஓட்டிப் பழகியதும், 2001-க்குப் பிறகு பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசு கொடுத்துவருவதும் எஃகுச் சைக்கிள்தான். நம் ஊர் மெக்கானிக் இரண்டு மூன்று தலைமுறையாகக் கை பழகியது இந்த உலோகத்தில். பழைய சைக்கிளின் மூட்டைப் பாருங்கள்: குழாயை மூட்டுக்குள் செருகி, இடுக்கில் பித்தளையை உருக்கி ஓடவிட்டிருப்பார்கள். பித்தளை 900 டிகிரி செல்சியஸ் சுமாருக்கு உருகும். எஃகு உருக 1,500 டிகிரி பக்கம் போக வேண்டும். எனவே எஃகுக் குழாய் உருகாமலே ஒட்டு விழுகிறது. இதே வேலையை ஒரு கேஸ் வெல்டிங் பட்டறைக்காரரும் செய்வார். கேரியர் மாட்டும் காது பிய்ந்தால் புதுக் காது வைத்துத் தருவார். பின்சக்கரம் மாட்டும் இடம் கோணினால் சூடுகூட இல்லாமல் நெம்பியே நேராக்கிவிடலாம். எஃகு அந்த அளவுக்கு வளைந்து கொடுத்துத் திரும்பும்.

அலுமினியத்தில் இந்தச் சலுகை கிடையாது. அதன்மேல் எப்போதும் ஓர் ஆக்சைடு படலம் இருக்கும். உலோகம் 660 டிகிரியில் உருகினாலும் படலம் உருக 2,000 டிகிரி தாண்ட வேண்டும். ஆர்கான் வெல்டிங் தெரிந்தவர் அதையும் உடைத்து ஒட்டிவிடுவார், பெரிய ஊர்களில் அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். சிக்கல் அதற்குப் பிறகு. சைக்கிளுக்கு அதிகம் பயன்படும் 6061 வகை அலுமினியத்தின் பலம், ஆலையில் உலையில் வைத்துக் கொடுக்கும் வெப்பப் பதத்தால் வருவது. ஒட்டு வைத்த இடத்தைச் சுற்றி அந்தப் பதம் போய்விடும், பலம் ஏறக்குறைய பாதியாகிவிடும். அதைத் திரும்பக் கொண்டுவர ஃப்ரேம் முழுவதையும் 500 டிகிரிக்கு மேல் சூடேற்றிக் குளிர்வித்து, மறுபடி மிதமான சூட்டில் மணிக்கணக்காக வைத்திருக்க வேண்டும். எந்தத் தெருவில் அந்த உலை இருக்கிறது? கோணினாலும் இதே கதைதான். திருப்பி வளைத்தால் விரிசல் பிடிக்க வாய்ப்பு அதிகம்.

ஒரு எச்சரிக்கை. எஃகானாலும் முன் ஃபோர்க்கில் விரிசல் வந்தால் ஒட்டவைக்காதீர்கள். புது ஃபோர்க் மலிவு, பல் மலிவல்ல. ஹேண்டில் பார் நுழையும் முன்குழாயின் மூட்டு விட்டுப்போயிருந்தாலும் அந்த ஃப்ரேமைக் காயலான் கடைக்குத்தான் அனுப்ப வேண்டும். குழாய்ச் சுவர் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான மெல்லிய குரோமோலி ஃப்ரேமை கேட் அடிக்கும் ஆர்க் வெல்டிங் ஆளிடம் கொடுத்தால் ஓட்டைதான் விழும். கேஸில் பித்தளை வைக்கத் தெரிந்தவரைத் தேடுங்கள்.

குரோமோலி என்றதும் ஒரு வார்த்தை. சுமார் ஒரு சதவீதம் குரோமியமும் அதைவிடக் குறைவாக மாலிப்டினமும் கலந்த எஃகு அது, 4130 என்ற எண்ணில் விற்கும். விறைப்பில் மலிவான எஃகுக்கும் அதற்கும் வித்தியாசமில்லை. பலம் அதிகம் என்பதால் குழாயை மெல்லிசாக இழுக்கலாம், அதில் முக்கால் கிலோ வரை மிச்சமாகும். ஆனால் துரு இதற்கும் உண்டு. மெல்லிய சுவரைத் துரு தின்றுமுடிக்க அதிக நாள் ஆகாது. கிடைத்தால், விலையும் ஒத்துவந்தால் வாங்குங்கள். கிடைக்கவில்லையே என்று ஏங்க வேண்டியதில்லை.

எஃகின் மேல் உள்ள ஒரே நியாயமான புகார் துரு. அதுவும் நாம் துடைக்கிற வெளிப்பக்கத்தில் வரும் துரு ஆளைக் கொல்லாது. ஃப்ரேமின் உள்பக்கம் பெரும்பாலும் பெயின்ட் இல்லாத வெற்று இரும்பு. ஐப்பசி, கார்த்திகை மழையில் சீட் பைப் நுழையும் பிளவு வழியாகத் தண்ணீர் இறங்கி, பெடல் அச்சு ஓடும் அடிக்கூட்டில் தேங்கிக்கொள்ளும். அங்கே இரண்டு மாதம் ஊறினால் பால்ரஸும் கெடும், கூடும் அரிக்கும். திருவான்மியூர், நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோரங்களில் உப்புக்காற்று இந்த வேலையைத் துரிதப்படுத்தும்.

இதற்கு மருந்து மலிவு. மழைக்காலம் தொடங்குமுன் சீட் பைப்பைக் கழற்றிச் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்துங்கள். தண்ணீர் இருந்தால் வடியும், நன்றாக உலரட்டும். பிறகு பெயின்ட் கடையில் விற்கும் காய்ச்சிய லின்சீட் ஆயிலை, அதாவது ஆளிவிதை எண்ணெயை, சிறிதளவு குழாய்க்குள் ஊற்றிச் சைக்கிளை எல்லாப் பக்கமும் சாய்த்துப் புரட்டுங்கள். அது காய்ந்து தோல் போலப் படிந்து இரும்பை மூடிக்கொள்ளும். மீதியை வடித்துவிடுங்கள். இந்த எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டுவிடாதீர்கள். காயும்போது சூடேறித் தானாகவே தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்தோ வெளியில் விரித்தோ போடுங்கள். அடிக்கூட்டின் கீழே சிறு வடிகால் ஓட்டை இருந்தால் கம்பி விட்டுச் சேற்றைக் குத்தி எடுங்கள். ஓட்டை இல்லாத சைக்கிளை ஓவராயில் செய்யக் கொடுக்கும்போது, அச்சைக் கழற்றியதும் உள்ளே பார்த்து எண்ணெய் தடவச் சொல்லுங்கள்.

வெளியே கீறல் விழுந்தால் உப்புத்தாள் தேய்த்து, ரெட் ஆக்சைடு பூசி, மேலே பெயின்ட் வைத்தால் போதும். அவசரத்துக்கு நகப்பாலிஷ்கூடத் தாங்கும். பூட்டுச் சங்கிலி உரசும் இடத்தில் பழைய ட்யூபை வெட்டிச் சுற்றுங்கள். புதுச் சைக்கிளில் கடைக்காரர் சுற்றிக்கொடுத்த பிளாஸ்டிக் தாளை மாதக்கணக்கில் கழற்றாமல் பாதுகாப்பவர்கள் உண்டு. தாளுக்கும் குழாய்க்கும் நடுவே மழைநீர் புகுந்தால் வெளியேற வழியில்லை, பெயின்ட் பொரிந்து வரும். வீட்டுக்கு வந்த அன்றே உரித்துவிடுங்கள்.

சீட் பைப்பில் கிரீஸ் தடவ மறக்கக் கூடாது. இப்போதெல்லாம் எஃகு ஃப்ரேமுக்குள்ளும் அலுமினிய சீட் பைப் வருகிறது. இரண்டு உலோகங்கள் ஈரத்தில் ஒட்டியிருந்தால் மின்வேதி அரிப்பு ஏற்பட்டு ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். பிறகு சுத்தியலாலும் எடுக்க முடியாது, அறுத்துத்தான் எடுக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை உயரத்துக்கு டேப்பில் அடையாளம் வைத்துக்கொண்டு கழற்றி, துடைத்து, கிரீஸ் வைத்து மாட்டுங்கள்.

இவ்வளவுக்கும் பொறுமை இல்லாதவர், கடலுக்கு நாலு தெரு தள்ளிக் குடியிருப்பவர், லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடிக்குத் தினமும் சைக்கிளைத் தூக்கிப்போக வேண்டியவர் ஆகியோருக்கு அலுமினியமே சரி. உப்புக்காற்றில் அதுவும் பெயின்டுக்கு அடியில் வெள்ளைப் பொடியாகப் பூக்கும், என்றாலும் எஃகைப் போல ஓட்டையாகாது. வாங்கும்போது சிலவற்றைப் பார்த்து வாங்க வேண்டும். பின்சக்கரத்தை ஒட்டிப் போகும் மெல்லிய குழாய்களைக் கவ்வுகிற ஸ்டாண்டு, இறுக்க இறுக்கக் குழாயை நசுக்கும். ஸ்டாண்டு மாட்டத் தனித் தகடு வைத்த ஃப்ரேமாக இருக்கட்டும். கேரியர் திருகுக்குத் துளைகள் இருக்க வேண்டும். அலுமினியத்தில் மரை எளிதில் தேயும் என்பதால் திருகைக் கையால் சில சுற்று ஓட்டியபின்தான் ஸ்பேனர் போட வேண்டும். கியர் சைக்கிள் என்றால் டெரெய்லரைத் தாங்கும் ஹேங்கர் என்ற சிறு துண்டில் இன்னொன்றை அன்றே கேட்டு வாங்கிவிடுங்கள். சைக்கிள் விழுந்தால் முதலில் வளைவது அதுதான். மாடலுக்கு மாடல் வடிவம் மாறும் என்பதால் மூன்று வருடம் கழித்துத் தேடினால் கிடைக்காது.

முன்னும் பின்னும் ஷாக் வைத்த மலிவுச் சைக்கிளை மட்டும் எந்த உலோகத்திலும் வாங்காதீர்கள். எடை கூடும், மிதிக்கிற பலத்தில் ஒரு பங்கை ஸ்பிரிங் தின்னும், ஒரே மழைக்காலத்தில் இணைப்புகள் ஆட்டம் காணும். பையன்களுக்கு அது பிடிக்கும்தான். வேலைக்குப் போகிறவருக்கு அது வேண்டாத செலவு.

கடைக்குப் போகும்போது பையில் ஒரு காந்தம் வைத்துக்கொள்ளுங்கள். ஒட்டினால் எஃகு, ஒட்டாவிட்டால் அலுமினியம். ‘அலாய்’ என்று ஸ்டிக்கர் இருந்தாலும் அது ரிம்மை மட்டும் குறிக்கலாம். ஃபோர்க்கிலும் வைத்துப் பாருங்கள், பல அலுமினியச் சைக்கிள்களுக்கு ஃபோர்க் எஃகுதான், அதில் தவறும் இல்லை. பெடல் அச்சு மரை போட்டு இறுக்கும் வகையா என்று கேளுங்கள். பேரிங்கை அடித்து இறக்கும் புது வகைக்குத் தனிக் கருவி வேண்டும், தெருமுனைக் கடையில் அது இருக்காது. பழைய சைக்கிள் வாங்குகிறவர் முன்குழாய்க்குச் சற்றுப் பின்னால், சாய்வுக் குழாயின் அடிப்பக்கத்தைக் கையால் தடவிப் பார்க்க வேண்டும். அங்கே புடைப்போ பெயின்டில் சுருக்கமோ தட்டுப்பட்டால் முன்பக்கமாக எதிலோ மோதிய சைக்கிள் அது, எவ்வளவு குறைத்துக் கேட்டாலும் வேண்டாம்.

வாங்குமுன் வீட்டுப் பின்பக்கத்தையும் ஒருமுறை பாருங்கள். அப்பாவின் பழைய சைக்கிள் அங்கே சாத்தியிருந்தால், மூட்டுகளைச் சுரண்டி விரிசல் இருக்கிறதா என்று பார்த்து, சீட் பைப்பைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். மேலாகத் துரு படிந்திருப்பது ஒன்றுமில்லை. குழாய் ஓட்டையாகவில்லை என்றால் புது டயர், ட்யூப், செயின், பிரேக் கட்டை, பால்ரஸ் போட்டு ஓட்டலாம். புதுச் சைக்கிளின் விலையில் அது ஒரு பங்குதான் ஆகும்.